பத்து நூல் நீளம்

பைலட் பிட்டை ரம்பத்தின் பல்லுக்கு முன்னால் எவ்வளவு நீட்டி வைக்க வேண்டும் என்று போன வாரம் பட்டறையில் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷத்திலேயே ஆளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கேள்வி நன்றாகவே கேட்டது. பதிலும் ஒரே வரிதான்: தகட்டின் கனத்துக்கு மேல் ஒன்றிரண்டு நூல் இருந்தால் போதும். ஆனால் அந்த வரியை வெறும் வரியாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் நடுவில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வட்ட ரம்பம் என்பது விளிம்பில் பல் வெட்டிய இரும்புக் கிண்ணம். அதைப் பிடித்துச் சுழற்றும் தண்டுக்கு ஆர்பர் என்று பெயர். தண்டின் நடுவிலிருந்து பற்களைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் துளைப்பான்தான் பைலட் பிட். முதலில் பிட் தகட்டில் ஊன்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பற்கள் தகட்டைத் தொடும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எழுதுவதை என் மனைவியும் படிப்பாள், அவளுக்காகச் சொன்னேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையில் பஸ்ஸுகளுக்குக் கரி அடுப்பு பொருத்துவதுதான் முழு நேர வேலை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப் புகையில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளை நிற்கும். அதில் மேலே கரியைக் கொட்டுவார்கள்; பக்கத்தில் குழாய்கள் போகும். அந்தக் குழாய்களுக்குத் துளை போடுவது என் வேலை. இரண்டரை அங்குல வட்ட ரம்பம் ஒன்று, ஆர்பர் இரண்டு, நெஞ்சில் முட்டுக் கொடுத்துக் கையால் சுற்றும் டிரில் ஒன்று. இவ்வளவுதான் என் ஆயுதங்கள்.

இரண்டு ஆர்பரில் சின்னதில் ரம்பத்தைத் திருகி மாட்டினால் முடிந்தது. ஆனால் தகட்டைக் கடித்ததும் அது தானாக இறுகிக்கொண்டே போகும். பிறகு கழற்ற வராது. பெரியதில் திருகிய பிறகு இரண்டு முளைகள் ரம்பத்தின் முதுகில் புகுந்து பிடித்துக்கொள்ளும், இறுகாது. எனவே நான் எப்போதும் பெரியதையே எடுப்பேன். அதில் தப்பில்லை. தப்பு அதில் மாட்டியிருந்த பிட்டில் இருந்தது. யுத்த காலத்தில் புதுப் பிட் கிடைப்பது பெரிய காரியம். மற்றவர்கள் தேய்ந்த பிட்டையே சாணை பிடித்துச் சாணை பிடித்துக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு இரண்டு நூல் கனத்தில் முழுசாக ஒரு புதுப் பிட் கிடைத்தது. அதைக் குறைக்க மனமில்லாமல் அப்படியே மாட்டினேன். பல்லுக்கு முன்னால் பத்து நூல் நீட்டி நின்றது. ஒன்றேகால் அங்குலம். நீளமாக இருந்தால் நன்றாக ஊன்றும், துளை நகராது என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பிட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியின் தலை தேய்ந்துபோயிருந்தது. என் நோட்டில் மூன்று சனிக்கிழமைகளில் "ஆர்பர் திருகாணி மாற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். மாற்றவில்லை. எழுதிவிட்டாலே பாதி செய்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி எனக்கு அப்போது வரும்.

நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் போட்ட ஒவ்வொரு துளையையும் அன்றன்றே எழுதுவேன்: எந்தத் தகடு, எவ்வளவு கனம், எந்த ரம்பம், எவ்வளவு நேரம். இதனால் பட்டறையில் எனக்கு "நோட்டு" என்று பெயர். பெயர் வைத்தவர் கருப்பையா. திருச்சுழிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டு ஆள், என் வயதுக்காரர், அகன்ற நெஞ்சு. நெஞ்சு டிரிலைப் பிடித்தால் அவரும் டிரிலும் ஒரே இரும்பாக நிற்பார்கள்.

பங்குனி மாதம். காலை பத்து மணி இருக்கும். திருச்சுழி ரோட்டில் இருந்த எண்ணெய் மில்லிலிருந்து ஒருவர் சைக்கிளை அழுத்திக்கொண்டு வந்து பட்டறை வாசலில் சைக்கிளோடு விழுந்தார்.

"எள்ளுத் தொட்டியில ஆளு முங்கிட்டான். இரும்பு வெட்டுற ஆளு வேணும். சீக்கிரம் வாங்கய்யா."

பட்டறையில் ஒரு பஸ் நின்றது. கரியைப் பற்றவைத்துப் புகை பிடித்துக் கிளம்பக் கால் மணி நேரமாகும். சைக்கிள்தான் என்று முடிவு செய்தேன். கருப்பையா மிதித்தார். நான் டிரிலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

"ஏலே நோட்டு, பின்னாடி உக்காந்து எழுதிக்கிட்டு வராத. சைக்கிளு ஆடுது."

நான் எழுதவில்லை. டிரிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

தொட்டி என்றால் நீங்கள் நினைக்கிற தொட்டி இல்லை. கல் மேடை மேல் நிறுத்திய தகட்டு உருளை. ஆறடி குறுக்களவு, பன்னிரண்டு அடி உயரம், அரை நூல் தகடு. மேலே ஏணி வைத்து ஏறினால் எள்ளைக் கொட்டும் வாய். அடியில் இழுத்துத் திறக்கும் ஒரு கதவு. எள் சுவரோரம் கட்டி பிடித்து இறங்காமல் நின்றிருக்கிறது. குத்திவிடுவதற்காக ஒரு கம்போடு உள்ளே இறங்கியவர் ராமசுப்பு. நெசவாளி, வீட்டில் தெலுங்கு. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோனதால் மில்லுக்கு வந்தவர். அவர் மனைவி நாகம்மாளும் அங்கேயே எள் புடைத்துக்கொண்டிருந்தார். ராமசுப்பு குத்திய குத்தில் கட்டி மொத்தமாகச் சரிந்து, அவரை இடுப்பு வரை மூடிவிட்டது.

இடுப்போடு நின்றிருந்தால் கயிறு போட்டே எடுத்திருக்கலாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடிக் கதவு திறந்து கிடந்தது. எள் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தாறு பேர் கூடையில் பிடித்துப் பிடித்து அப்பால் கொட்டினார்கள். எல்லார் முகத்திலும் ஒரு நல்ல காரியம் செய்கிற வேகம்.

"கதவ மூடுங்க," என்றேன்.

மில் மேஸ்திரி என்னை முறைத்தார். "மூடவா? எள்ளு எறங்குனாத்தானய்யா ஆளு வெளிய வருவான்?"

"எள்ளு எறங்கும். அவுகளும் கூடவே எறங்குவாக. திறக்கும்போது எது வரைக்கும் இருந்துச்சு, இப்ப எது வரைக்கும் இருக்கு?"

மேஸ்திரி மேலே, தொட்டியின் வாயருகே நின்ற ஆளைப் பார்த்தார். அந்த ஆள் தன் அக்குளைத் தொட்டுக் காட்டினார்.

இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல. கரி அடுப்பில் தினமும் பார்ப்பதுதான். அடியில் கரி எரிய எரிய, மேலே நடுப்பகுதிதான் முதலில் குழியும். அங்கே எது கிடந்தாலும் அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கால் மணி நேரமாக அவரை இறக்கிக்கொண்டிருந்தார். அதைப் புரிந்துகொண்ட நொடியில் அவர் முகம் எப்படி ஆனது என்று நான் பார்த்தேன். இன்னும் சிறிது நேரத்தில் என் முகமும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

கதவை மூட முடியவில்லை. கதவு இடுக்கில் எள் சிக்கிக் கடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் சம்மட்டியால் ஒரு அடி அடித்தார். தொட்டி அதிர்ந்தது. மேலிருந்து குரல் வந்தது.

"அடிக்காதீக. ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரக்கடை எறங்குறான்."

அதோடு சம்மட்டி போயிற்று, உளியும் போயிற்று. உளியால் வெட்டலாம் என்றுதான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கருப்பையா மேடையில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் கதவை உதைத்து, அடிக்காமல் தள்ளியே மூடினார்.

நான் ஏணியில் ஏறினேன்.

கறுப்பு எள்ளின் மேல் ஒரு தலை. மேலே தூக்கிய ஒரு கை. மணிக்கட்டில் கயிறு. இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், அந்தக் கை தோளிலிருந்து சரியாக நிற்கவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. அவர் மூச்சை விடும்போதெல்லாம் நெஞ்சு சுருங்கிய இடத்துக்கு எள் ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தது. அடுத்த மூச்சை இழுக்க அந்த அளவுக்கு இடம் குறைந்தது. நான் ஒரு மனிதரின் மூச்சு குறைவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, இடுப்பு காந்துது."

"பொறுங்க. இப்ப எடுத்துருவோம்," என்றேன்.

இந்த இரண்டு வரியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குச்சியை நீட்டி அவர் தலைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். வெயில் பக்கச் சுவரிலிருந்து ஒன்றரை அடி. எதிர்ப்பக்கம், நிழல் விழும் சுவரிலிருந்து நாலரை அடி. ஏணியில் நின்றபடியே நோட்டை எடுத்து எழுதினேன். மேலே நின்ற ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எல்லோரும் பதறுகிறார்கள், நான் ஒருவன் அளக்கிறேன் என்று.

என் திட்டம் சரிதான்; இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவர் இடுப்பு மட்டத்தில், எதிரெதிர்ச் சுவரில் இரண்டு துளை. எள் இரண்டு பக்கமும் சமமாக வடியும், துளை மட்டத்தோடு நின்றுவிடும், அடியிலிருந்து இழுக்காது. எள் மூட்டைகளை அடுக்கி இரண்டு பக்கமும் மேடை போட்டார்கள். கால் புதையாமல் நிற்பதற்காக மேலே ஒரு பலகை.

முதல் துளையை நிழல் பக்கம் போட்டோம். கருப்பையா நெஞ்சைக் கொடுத்தார், நான் சுற்றினேன். தகட்டு வட்டம் ரம்பத்தோடு வெளியே வந்தது. அதன் பின்னாலேயே எள், குழாய்த் தண்ணீர் மாதிரி. கீழே நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் மேலிருந்து, "சாயுறான். நெழல் பக்கம் சாயுறான். தாடைக்கு வந்துருச்சு."

ஒரு பக்கம் மட்டும் வடிந்தால் எல்லா எள்ளும் அந்தப் பக்கம் சரியும், ஆளையும் தள்ளும். இரண்டாவது துளை வரும் வரை முதல் துளை திறந்திருக்கக் கூடாது. கருப்பையா தலைத்துண்டை உருவிச் சுருட்டித் துளைக்குள் திணித்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"நான் இங்க அடைச்சுக்கிட்டு நிக்கேன். நீ அங்கிட்டுப் போயி போடு. வெரசாப் போடு."

வெயில் பக்கம் நான் தனியாகப் போனேன். காலையிலிருந்து வெயில் அடித்த தகடு; கை வைத்தால் சுட்டது. அவர் தலை இருந்த நேருக்கு ஒரு முழம் இடது பக்கம் தள்ளிப் புள்ளி வைத்தேன். ஒன்றரை அடி உள்ளே இருக்கிறார், ஒரு முழம் தள்ளியும் வைத்தாயிற்று. பத்து நூல் பிட் என்ன செய்யும்? டிரிலை நெஞ்சில் கொடுத்துச் சுற்றினேன். பிட் தகட்டைத் தாண்டியது கையில் தெரிந்தது. பற்கள் தொடட்டும் என்று முழு பலத்தையும் கொடுத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தெலுங்கில் ஏதோ சொன்னார். சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். இரண்டு சுற்று. மூன்று இல்லை, ஒன்று இல்லை. இதை நோட்டைப் பார்க்காமலே சொல்வேன்.

"நிறுத்துங்கய்யா. குத்துது, இடுப்புல குத்துதுங்கிறாக. நிறுத்துங்க."

நாகம்மாளின் குரல். பெண்பிள்ளை ஏறக் கூடாது என்று மேஸ்திரி தடுத்தும் அவர் எப்போதோ ஏணியில் ஏறியிருக்கிறார்.

டிரிலைப் பின்னால் இழுத்தேன். பிட்டின் நுனியில் எள் ஒட்டியிருந்தது. எள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும், அது புதிதில்லை. ஆனால் எள் சிவப்பாக இருந்தது. தகட்டில் பிட் போட்ட சின்னத் துளை வழியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எள் விழுந்தது. அதுவும் நனைந்து சிவப்பாக இருந்தது. மூட்டையின் சாக்கில் அது விழுந்து விழுந்து ஒரு சின்னக் குவியலாகும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மனிதருக்குள் துளை போட்டுவிட்டேன் என்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது, மண்டைக்குள் போகவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது தகட்டின் சூடு என் தோளில் பட்டது. சட்டையைத் தாண்டிச் சுட்டது.

இடுப்பு காந்துது.

அவர் சொல்லிவிட்டார். முதல் வார்த்தையே அதுதான். அரை ஆள் உயர எள்ளுக்குள் இடுப்பு காந்துகிறது என்றால், இடுப்பு எள்ளில் இல்லை, வெயில் பட்ட தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரிந்த எள் அவர் காலையும் இடுப்பையும் சுவரோடு தள்ளி, நெஞ்சையும் தலையையும் உள்ளே சாய்த்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது தலை மட்டும். நான் தலையை அளந்தேன். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அவரே சொன்னபோது, பொறுங்க என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதினேன்.

கருப்பையா தன் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பிட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எந்திரி," என்றார். "அப்புறமா உக்காந்துக்க. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

நீளமான பிட்டோடு இந்தப் பக்கம் இனி எங்கேயும் வைக்க முடியாது. பிட்டை உள்ளே தள்ளிக் குட்டையாக்கலாம் என்று திருகாணியைத் திருப்பினேன். தலை வழுக்கியது. இன்னொரு முறை. வழுக்கியது. மூன்று சனிக்கிழமை.

"பிட்ட ஒடைச்சுருவோம்," என்றேன். கீழே இறங்கி, தொட்டிக்குத் தள்ளிக் கிடந்த ஒரு கல்லின் விளிம்பில் ரம்பத்தை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். கருப்பையா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, பிட்டு இல்லாம ரம்பம் எப்படி ஓரிடத்துல நிக்கும்? தகட்டு மேல அங்கயும் இங்கயும் ஓடாதா?"

"பலகையில ஒரு ஓட்டை போட்டு, பலகையத் தகட்டோட கட்டிட்டா, அந்த ஓட்டைக்குள்ளயே நின்னு சுத்தும்."

"அப்ப பலகைக்கு முதல்ல பிட்டு வேணும்ல."

சுத்தியல் இன்னும் என் கையில் மேலேயே இருந்தது. அவர் பிடிக்காமல் விட்டிருந்தால், பலகையில் துளை போடும் வழியையும் நானே உடைத்திருப்பேன். பதற்றத்தில் மனிதன் சரியான காரியத்தைக்கூடத் தப்பான வரிசையில் செய்வான். அதற்காகத்தான் இரண்டு பேராகப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.

மூட்டை மேல் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு, முழுப் பிட்டோடு அதில் வட்டம் வெட்டினோம். பிறகு பிட்டைக் கல்லில் வைத்து ஒரே அடி. பளிச்சென்று இரண்டாகப் போயிற்று. பட்டறையில் அதற்கு ஈடாக ஒன்று இல்லை. அந்த நேரம் அதைப் பற்றி எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

அடுத்ததுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஏணிக்கு நேராக நின்று சொன்னேன்: "அம்மா, நான் தகட்ட விரலால தட்டுவேன். அவுக மேல படுதா, படலையான்னு கேட்டுச் சொல்லுங்க."

நாகம்மாள் தெலுங்கில் கேட்டார். பதில் மிகவும் மெல்லியதாக வந்தது. அவர் அதைத் தமிழில் கீழே சொன்னார்.

தட்டினேன். "படுதுங்கிறாக."

ஒரு சாண் தள்ளித் தட்டினேன். "படுது. முட்டுக்கு மேல."

இன்னும் இரண்டு சாண். "லேசா."

இன்னும் ஒரு சாண். வெகு நேரம் பதில் இல்லை. ஏணியில் நாகம்மாள், "சௌடம்மா தாயே" என்று சொல்வது கேட்டது. பிறகு, "படலை. படலைங்கிறாக."

அங்கே பலகையை நிறுத்தி, தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆப்பு வைத்து இறுக்கினோம். நுனி உடைந்த ஆர்பரோடு ரம்பம் பலகைத் துளைக்குள் போய் உட்கார்ந்தது. இம்முறையும் கருப்பையாதான் நெஞ்சைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் மறுத்துவிட்டார்.

"நீயே அழுத்து. நான் தகட்டுல கைய வச்சுப் பாத்துக்கிறேன். பல்லு தாண்டுறது எனக்குத் தெரியும்."

சுடும் தகட்டில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். நான் சுற்றினேன். பாதிக்கு மேல் போனதும் அழுத்தத்தைக் குறைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏணிப் பக்கம் காதைக் கொடுத்தேன். தெலுங்கில் ஒரு வார்த்தை வந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்று.

"போதும்," என்றார் கருப்பையா.

எடுத்துப் பார்த்தால் வட்டம் ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. குறட்டால் பிடித்து வெளிப்பக்கம் மடக்கினேன். எள் வந்தது. கறுப்பாக வந்தது. அது கறுப்பாக இருக்கிறது என்பதைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் கத்தினேன்: "அங்கிட்டும் எடுங்க."

இரண்டு பக்கமும் வடிந்தது. அதே பலகையை வைத்து மூன்றாவதாக ஒரு துளையும் போட்டோம். அரை மணி நேரமானது. மேலிருந்து வந்த சொற்கள் மட்டும் மாறின: தாடை தெரியுது. கழுத்து. நெஞ்சு. நெஞ்சு என்றதும் கீழே இருந்த அத்தனை பேருக்கும் அவர் மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. கொல்லன் துருத்தி மாதிரி. மேஸ்திரி தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்குளில் கயிறு போட்டுத் தூக்கினார்கள். கால் நிற்கவில்லை. இடுப்புக்கு மேல், வலது விலாவுக்குக் கீழே, என் பிட் போன இடம். அதைச் சுற்றி எள் ஒட்டியிருந்தது. நாகம்மாள் அதை ஒவ்வொன்றாக விரலால் எடுத்தார். வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் காய்ச்சல். அந்தப் பத்து நாளும் நான் பட்டறையில் என்ன வேலை செய்தேன் என்று நோட்டில் இல்லை. நான் எழுதாத பத்து நாள் அவைதாம்.

தொட்டியில் பிட் போட்ட அந்தச் சின்னத் துளையை அடைக்கச் சொல்லி மேஸ்திரி பட்டறைக்கு ஆள் அனுப்பினார். நானே போய் ஆணி வைத்து அடைத்தேன். உள்ளே யாரும் இல்லையே என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் முதல் அடி அடித்தேன். மூன்றாவது முறை மேஸ்திரி சிரிக்கவில்லை. ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து ராமசுப்பு பட்டறைக்கு வந்தார். மெலிந்து, கையில் ஒரு கம்போடு. நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை.

"அந்த ஊசியப் பாக்கணும்," என்றார்.

தகர டப்பாவில் இரண்டு துண்டையும் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டையும் பொருத்தித் தன் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டும் வெளிய நின்னுச்சா?"

"பத்து நூலு."

"எனக்குள்ள எம்புட்டு போச்சு?"

"டாக்டர் சொன்னத வச்சுப் பாத்தா நாலு நூலு."

அவர் விரலில் அந்த அளவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கருப்பையாவைப் பார்த்துச் சொன்னார்: "நூலு கெடைக்கலைன்னுதான்யா மில்லுக்கே போனேன். ஓசியிலயே நாலு குடுத்துட்டாரு."

கருப்பையா விழுந்து விழுந்து சிரித்தார். ராமசுப்புவும் சிரித்தார், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில கெடந்தப்பல்லாம் இதத்தான் நெனச்சேன். நீங்க மேல வந்து பாத்தப்ப, இடுப்பு காந்துதுன்னு நான் சொன்னேன்ல. சத்தமாச் சொன்னனா, இல்ல மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டனா? உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார். ஒருவேளை அந்தப் பதிலைத்தான் எனக்காக அவர் எடுத்துக் கொடுத்தாரோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

"கேட்டுச்சு," என்றேன்.

அவர் தலையாட்டினார். துண்டுகள் இரண்டையும் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு போனார்.

அன்று மாலை பட்டறையில் இருந்த எல்லா பைலட் பிட்டையும் தகட்டுக் கனத்துக்கு மேல் இரண்டு நூலோடு நிறுத்தினேன். இரண்டு ஆர்பருக்கும் புதுத் திருகாணி. அதெல்லாம் ஒரு மணி நேர வேலை. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இப்போது உங்களிடம் இருப்பது கரண்டில் ஓடும் டிரில். நான் இரண்டு சுற்று சுற்றிய நேரத்தில் அது எத்தனையோ சுற்று சுற்றிவிடும். நிறுத்துங்கள் என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் பத்து நூலும் போய்விடும்.

என் நோட்டுகளைப் பட்டறையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். புரட்டிப் பார்த்தால், அந்தப் பங்குனிக்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். "தகட்டுக்குப் பின்னால்" என்று தலைப்பு. காற்று, தண்ணீர், செங்கல் சுவர், பஸ்ஸின் சீட்டு, தெரியவில்லை, கேட்டேன் என்று எழுதியிருப்பேன். "தெரியவில்லை" என்று எழுதிய நாட்களில் துளை போடவில்லை என்பதையும் பார்ப்பீர்கள். அந்தக் கட்டம் நிரம்பாமல் டிரிலைச் சுற்ற விடாதீர்கள்.

அந்தப் பங்குனிக்கு முந்திய பக்கங்களில் அந்தக் கட்டம் கிடையாது. ஒரே ஒரு வரியில் மட்டும், ஓரத்தில் கோடு இழுத்துப் பிறகு சேர்த்திருக்கிறேன். எண்ணெய் மில், அரை நூல் தகடு, இரண்டரை அங்குல ரம்பம், வெயில் பக்கம். தகட்டுக்குப் பின்னால்: ராமசுப்பு. முன்பே சொன்னார்.